சோறு ஊட்டுற தூரம்

பிப்ரவரி 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஜனவரிப் பக்கங்களில் மும்தாஜ் கோலப்புள்ளி வைத்துப் பழகியிருக்கிறாள். மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. இருபது வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் செயற்கைக் கண் செய்கிறேன். கேட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சு விடுகிறவர்கள். முதல்முறையாக இன்று ஒருவர் சிலைக்குக் கண் கேட்டு வந்தார்.

பெயர் இருதயராஜ். திண்டுக்கல்காரர். ஓவியக் கல்லூரியில் சிற்பம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது ஒத்தக்கடையில் சொந்தப் பட்டறை போட்டிருக்கிறார். ஒரு தனியார் கல்லூரியின் கலைக்கூடத்துக்காகப் பழங்காலத்து கிரேக்க முறையில் வெண்கலச் சிலை செய்கிறாராம். ஓடி முடித்துவிட்டு மூச்சு வாங்க நிற்கும் ஒரு பையன்.

"கிரேக்கக்காரங்க வெண்கலத்துல கண்ணைச் செதுக்க மாட்டாங்க மேடம். குழியா விட்டுட்டுத் தனியாச் செஞ்சு வைப்பாங்க. வெள்ளைக்கு எலும்பு, தந்தம், கல்லு. கருவிழிக்குக் கண்ணாடி. காலப்போக்குல அது உதிர்ந்துபோயி, நெறைய சிலை இன்னைக்குப் பொந்துக் கண்ணோட நிக்குது."

"என்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான் வர்றாங்க" என்றேன்.

கண் போன சிலைகளுக்குத் திரும்பக் கண் வைத்தவன் என்று ரோம் நகரத்துக் கல்லறை ஒன்றில் ஒரு ஆளைப் பற்றி எழுதியிருக்கிறதாம். "நம்ம டிபார்ட்மென்ட் அம்புட்டுப் பழசா?" என்று மும்தாஜ் கேட்டாள். அவள் என் அறையில் எல்லாம்: நோயாளிகளைக் கூப்பிடுவது, அச்சு எடுக்கும் மாவு கலப்பது, எனக்கு வலது பக்கம் நின்று சாமான் எடுத்துக் கொடுப்பது, வாய் பேசுவது.

ஒரு சங்கடத்தைச் சொன்னேன். எங்களுக்கு ஜோடியாகச் செய்து பழக்கமில்லை. வருகிறவருக்கு ஒரு கண் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மற்றதைச் செய்வோம். பார்த்துச் செய்ய ஒன்றுமே இல்லாமல் இரண்டு என்றால் எங்கே ஆரம்பிப்பது? அவர் சிரித்தார். சரி என்று தலையாட்டிவிட்டேன். வேண்டாத வேலைதான்.

போகும்போது பெயர் கேட்டார். அங்கயற்கண்ணி என்றேன். "பேருக்கேத்த வேலை" என்றார். எல்லோரும் சொல்வதுதான். இமைக்காத மீன் கண் என்று அம்மனுக்கு வைத்த பெயர். எனக்கு அதை வைத்தபோது நான் தொட்டிலில் கிடந்தேன். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அவரை வழியனுப்ப எழுந்தபோது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வாயை வைத்தேன், வந்து நிற்கிறது. பார்த்துச் செய்ய ஒன்றுமே இல்லாத ஜோடி, மனுஷ ரூபத்திலேயே வந்துவிட்டது.

மாரிச்செல்வி. விருதுநகர் பக்கம் கிராமம். வயது இருபத்தேழு இருக்கும். பட்டாசு ஆலை விபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டன. முகத்துக் காயங்கள் நன்றாகவே ஆறியிருக்கின்றன. ஏதோ முகாமில் கொடுத்த ரெடிமேட் கண்களைப் போட்டிருந்தாள். அளவும் சரியில்லை, நிறமும் சரியில்லை. பூனைக் கண். கூட வந்தவன் கணவன் காளிராஜ், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பேசாத ஆள். அவள் செருப்பைத் தேடிக் காலடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

"என்ன வேணும்மா? பாக்கறதுக்கு நல்லா இருக்கணும், அவ்வளவுதானே?" என்றேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

"பாக்கறதுக்கு நான் எங்கக்கா போக? எம்மக கிட்ட வரணும்."

மகள் பெயர் கனிஷ்கா, நாலு வயசு. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு திரும்பிய அன்று பார்த்து அலறியதாம். அன்றிலிருந்து அருப்புக்கோட்டையில் காளிராஜின் அக்கா ராமலட்சுமி வீட்டில் இருக்கிறது. அவளுக்குக் குழந்தை இல்லை. தங்கமாகப் பார்த்துக்கொள்கிறாள். அதுதான் பயம்.

"மதினி நல்லவதான்க்கா. ஆனா ஜூன் மாசம் அங்கேயே ஸ்கூல்ல சேத்துருவோம்னு சொல்றாக. சேத்துட்டா அம்புட்டுதான. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் புள்ளையக் கூட்டிட்டு வாறாக. அதுக்குள்ள வச்சுக் குடுங்க."

பொங்கலுக்கு இரண்டு மாசம் இருக்கிறது. முடியும் என்றேன். எதை நம்பி முடியும் என்றேன் என்று இப்போது தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒத்தக்கடை பட்டறைக்குப் போனேன். வாசலில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரிகிறது.

நம் ஊர் ஐம்பொன் சாமியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கட்டியாக உலோகம் இருக்கும். இது வேறு. உள்ளே வெறும் பொள்ளல். முதலில் களிமண்ணில் சிலை செய்து அதன்மேல் துண்டு துண்டாக அச்சு எடுத்துக்கொள்கிறார்கள். அச்சின் உள்பக்கம் மெழுகைத் தோசைக் கனத்துக்குத் தடவுகிறார்கள். நடுவில் இருக்கிற இடத்தைக் களிமண் குழைத்து அடைக்கிறார்கள். பிறகு அச்சைப் பிரித்தால் மெழுகுச் சிலை நிற்கும், வயிற்றில் மண்ணோடு. அதற்கு வெளியிலும் மண் பூசிச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்மண்ணுக்கும் வெளிமண்ணுக்கும் நடுவே அந்தத் தோசைக் கனத்துக்கு இடம் மிஞ்சும். அதில்தான் வெண்கலம் போய் உட்காரும்.

"மெழுகு போயிட்டா உள்மண்ணு சரிஞ்சு விழாதா?"

"அதுக்குத்தான் இந்த ஆணி" என்று காட்டினார். வெளியிலிருந்து மெழுகைத் துளைத்து உள்மண் வரைக்கும் ஆணி அடித்திருக்கிறார்கள். மெழுகு போனாலும் ஆணி பிடித்துக்கொள்ளும்.

முழு ஆளையும் ஒரே தடவையில் வார்ப்பதில்லை. தலை தனி, கை தனி, உடம்பு தனி. பிறகு சந்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றி ஒட்டுகிறார்கள். அவர் பெருமையாக விளக்கிக்கொண்டே போனார். நானும் விடவில்லை. கண்குழியில் அச்சு எடுத்து, மெழுகில் வடிவம் பிடித்து, மாவுக்குள் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் அடைப்பதுதான் என் வேலையும் என்றேன். மனிதர் வாயைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். அதன்பிறகு டீ வந்தது.

மெழுகுத் தலையின் கண்குழிகள் உள்மண்ணால் அடைபட்டிருந்தன. வார்த்து முடித்ததும் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள், அப்புறம் உள்ளே இருட்டாகத் தெரியும் என்றார். தெரியும் என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் கரண்ட் இல்லை. மாரிச்செல்விக்கு அச்சு எடுத்தோம். குளிர்ந்த மாவு உள்ளே போகும்போது எல்லோரும் நாற்காலிக் கையைப் பிடிப்பார்கள். இவள் என் கையைப் பிடித்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வார்ப்பு. பத்துப் பங்கில் ஒன்பது செம்பு, ஒன்று ஈயம். வெள்ளீயம்தான், கறுப்பு இல்லை என்று இருமுறை சொன்னார். பட்டறையே அனலாக இருந்தது. ஊற்றுக்குழாய் வாயில் உலோகம் தளும்பி நின்றதும் இருதயராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆறிய பிறகு மண்ணை உடைத்துப் பார்த்தபோது தலை நன்றாக வந்திருந்தது, கன்னத்தில் ஒரு ஓட்டை தவிர. காற்று மாட்டிக்கொண்ட இடம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஓட்டையைச் சுற்றிச் சதுரமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, அதே அளவு வெண்கலத் துண்டை வைத்துத் தட்டி, தேய்த்துவிடுவார்களாம். தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது.

"கிரேக்கச் சிலை எதை எடுத்தாலும் இப்படி ஒட்டு இருக்கும் மேடம். செஞ்ச காலத்துல ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. கப்பல் முழுகி, ரெண்டாயிரம் வருஷம் கடலுக்குள்ள கெடந்து அரிச்சப்புறம், சதுரம் சதுரமா எல்லாம் வெளிய தெரியுது. மறைச்சதைப் பூராக் காட்டிக் குடுத்துருச்சு."

"அதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் விழுந்தது. அவர் திகைத்துப் போனார். தலைவலி என்று சொல்லி ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். வழக்கம்போல இடது ஓரம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் யாரும் ஏறி உட்காருவது எனக்குப் பிடிக்காது.

மார்ச் 4, செவ்வாய்

மாரிச்செல்வியின் கருவிழி வரைந்தேன். கல்யாண ஆல்பம் கொண்டுவந்தான் காளிராஜ். பாதிப் படத்தில் பிளாஷுக்குக் கண்ணை மூடியிருக்கிறாள். "ஊர்ல எல்லாரும் கனிக்கு அவ அம்மா கண்ணுதான்னு சொல்லுவாங்க மேடம்" என்று போனில் குழந்தை படத்தைக் காட்டினான். நல்ல கறுப்பு. ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பு வட்டம். அதைப் பார்த்தே வரைந்தேன்.

சிலைக்கும் வேலை நடக்கிறது. வெள்ளைக்குக் கல் தேய்த்தாயிற்று. தந்தம் வைத்தால் வனத்துறை வந்து என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். கண் ஓரத்துச் சதைக்கு ரோஸ் நிறக் கல். இமைமயிருக்குச் செம்புத் தகட்டின் விளிம்பை நறுக்கி விட்டிருக்கிறார் இருதயராஜ். உதட்டுக்கும் செம்புதான். பல்லுக்கு வெள்ளி. ஓடின களைப்பில் வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. நான் இருபது வருஷத்தில் ஒருவருக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணியதில்லை.

மார்ச் 12, புதன்

மனசு சரியில்லை. எழுதாமல் படுக்கலாம் என்று பார்த்தேன்.

மாரிச்செல்விக்குக் கண் வைத்தோம். பார்வை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொட்டைத் தூரத்தில் பார்க்கச் சொல்லி, நல்ல கண் எங்கே நிற்கிறதோ அதற்கு நேராக இந்தக் கண்ணையும் நிறுத்துவோம். இவளுக்கு நல்ல கண் கிடையாது. ஆகவே பொட்டுக்குக் கீழே காளிராஜை நிறுத்திக் குரல் கொடுக்கச் சொல்லி, முகத்தை அங்கே திருப்பி, இரண்டு கண்ணையும் நேராகத் தூரம் பார்க்க வைத்தேன்.

நன்றாக இருந்தது. நான் செய்ததிலேயே நன்றாக இருந்தது என்று எழுத வெட்கமாக இல்லை. மும்தாஜ் போட்டோ எடுத்தாள். காளிராஜ் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ராமலட்சுமி குழந்தையோடு வெளியே காத்திருந்தாள். பொங்கல் வரைக்கும் பொறுக்காமல் இவர்களே வரச்சொல்லியிருக்கிறார்கள். வாசலில் வந்து நின்ற குழந்தை இந்தத் தடவை அலறவில்லை. பார்த்தது. மாரிச்செல்வி குனிந்து, "கனி, இங்க வாடா" என்று கையை நீட்டினாள். குழந்தை மெதுவாக உள்ளே வந்தது. கிட்டத்தில் போனது. பிறகு சட்டென்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. மறுபடி அம்மா முகத்தைப் பார்த்தது. மறுபடி பின்னால்.

"என்னயப் பாக்கல. பின்னாடி யாரயோ பாக்குது" என்று சொல்லி வீறிட்டு ஓடிப்போய் அத்தை சேலைக்குள் புகுந்துகொண்டது.

ராமலட்சுமி கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, "இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்துப் புள்ளையப் பயமுறுத்தி என்ன ஆகப்போகுது காளி? எங்ககிட்டயே இருக்கட்டும். நான் என்ன வேத்து ஆளா?" என்றாள். மாரிச்செல்வி நீட்டின கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழக்கூட இல்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சிலைக்குக் கண் வைக்கிற நாள். தலையை மேசைமேல் வைத்திருந்தார்கள். நான் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்து, முதலில் இடது விழி, பிறகு வலது விழி, மெழுகால் ஒட்டித் திருப்பித் திருப்பி நிறுத்தினேன். கடைசியில் அந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே பார்த்தான்.

"நம்ம ஊர்ல சாமிக்குக் கண்ணு தொறக்கும்போது எதிர்ல யாரும் நிக்க மாட்டாங்க. கண்ணாடியக் காட்டுவாங்க. நீங்க தெம்பா நேர உக்காந்துட்டீங்க" என்றார் இருதயராஜ்.

தலையைத் தூக்கி உடம்பின்மேல் வைத்துப் பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். பையன் மூக்கு நுனியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. லேசான மாறுகண். கல்லூரிப் பிள்ளைகள் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

இருதயராஜ் தலையைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். "இங்க இருந்து பாத்தா சரியாத்தான் இருக்கு" என்றார். பின்னால் சாய்ந்தார், முன்னால் வந்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது. என்னிடம் வருகிறவர்கள் எதிர் நாற்காலியில், கைக்கெட்டும் தூரத்தில் உட்காருவார்கள். அந்தப் பழக்கத்தில் சிலையின் இரண்டு விழியையும் என் முகத்துக்கே திருப்பி வைத்திருக்கிறேன். சிலை பார்ப்பது தூரத்தை அல்ல, ஸ்டூலில் இருக்கிற ஆளை. சுவரில் பொட்டு இல்லாத இடத்தில் நான் செய்கிற தப்பு.

அவர் இன்னும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதைத் திறந்து மற்றதை மூடினார்.

"மேடம், வலது கண்ணால பாத்தாத்தான் ரெண்டு முழியும் கரெக்டா என்மேல விழுது. வலது கண்ணை மட்டும் வச்சுப் பாத்து நிறுத்துனீங்களா?"

"குறி பாக்கறப்ப ஒண்ண மூடிக்கிறதுதான்" என்றேன்.

"ஆமாமா" என்றார்.

மெழுகை இளக்கி மறுபடி நிறுத்தினோம். இந்தத் தடவை தலையை உடம்பின்மேல் வைத்து, பட்டறைக் கதவை விரியத் திறந்து, யானைமலை உச்சிக்கு நேராக. அவர் எதிரே நின்று சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். இப்போது பையன் ஓடி வந்த பாதை முழுவதையும் பார்க்கிறான். நன்றாக இருக்கிறது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் கூட வந்தார். வரும்போது என் இடது பக்கம் நடந்தவர், பாதியில் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்துவிட்டார். வெயிலுக்காக இருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு நாளாக மனசு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருக்கிறது. குழந்தை ஏன் பின்னால் திரும்பிப் பார்த்தது என்று இப்போது தெரிகிறது. அது பொய் சொல்லவில்லை. அம்மா கண் நிஜமாகவே அதைத் தாண்டி எதிர்ச் சுவரைப் பார்த்தது. நான்தான் அப்படி வைத்தேன்.

காளிராஜுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

மாரிச்செல்வியிடம் மறைக்காமல் சொன்னேன். "பார்வையைக் கிட்டக்க வச்சா, கிட்ட வர்றவங்களுக்கு நீ அவங்களைப் பாக்குற மாதிரியே இருக்கும். ஆனா தள்ளி நின்னு பாக்குறவங்களுக்குக் கொஞ்சம் மாறுகண்ணாத் தெரியும். கல்யாணம் காட்சின்னு போனா நாலு பேரு பேசுவாங்க. நீதான் முடிவு பண்ணணும்."

"தள்ளி நிக்கிறவகளுக்குக் கூலிங்கிளாஸப் போட்டுக்கிறேன்" என்றாள். யோசிக்கவே இல்லை.

"எம்புட்டுத் தூரத்துல வைக்கட்டும்?"

அதற்குத்தான் யோசித்தாள். பிறகு வலது கையைக் குவித்து, கொஞ்சம் தாழ்த்தி, முன்னால் நீட்டினாள். கை அங்கே நின்றது. எதிரே ஒரு சின்ன வாய் இருக்கிற உயரத்தில்.

"சோறு ஊட்டுற தூரம்" என்றாள்.

இஞ்ச் டேப் வைத்துக் கையிலிருந்து முகம் வரைக்கும் அளந்தேன். காளிராஜ் வெளியே போய்விட்டான்.

மார்ச் 26, புதன்

புதுக் கண் ஜோடி. சிலையிடம் பட்டது போதும் என்று, இந்தத் தடவை நான் என் கண்ணை நம்பவில்லை. மாரிச்செல்விக்கு எதிரே அளந்த இடத்தில் மும்தாஜைக் குட்டி ஸ்டூலில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல மெழுகில் செய்த மாதிரிக் கண்ணில் விழியை நகர்த்தினேன்.

"இன்னும் உள்ளுக்க... கொஞ்சம் கீழ... அக்கா! இப்ப என்னயப் பாக்குதுக்கா."

சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து வெள்ளையில் ரத்த நரம்பு ஓட்டினேன். பாலிஷ் போட்டு முடிக்கும்போது கை வலி. பொங்கலுக்கு முந்தின புதன்கிழமை ராமலட்சுமியோடு குழந்தையைக் கூட்டிவரச் சொன்னேன். முதலில் வர மாட்டேன் என்றாளாம். காளிராஜ் கெஞ்சியிருக்கிறான்.

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாரிச்செல்வி கண்ணைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை வாசலைத் தாண்டவே இல்லை. ராமலட்சுமி காலைக் கட்டிக்கொண்டு நின்றது. எவ்வளவு பக்கத்தில் வந்தால் சரியாக இருக்கும் என்று நான் பார்த்துப் பார்த்து வைத்தது எல்லாம் சரி. பக்கத்தில் வந்தால்தானே?

வேடிக்கை காட்டலாம் என்று சிவப்பு நூல்கண்டைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். குழந்தை நூலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. கண் விஷயத்தில் அவர்கள் வீட்டிலேயே அதற்குத்தான் அனுபவம் அதிகம்.

"அந்தக் கண்ணு வருது. இந்தக் கண்ணு வரல" என்றது, விரலை நீட்டி.

"ஏய், அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று காளிராஜ் அதட்டினான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாரிச்செல்வி என் பக்கம் காதைத் திருப்பினாள்.

சிரித்து மழுப்ப எனக்குத் தெரியும். தூக்கமில்லை, கண் வலி, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அம்மா சொன்ன பொய்கள் ஒரு தனி லிஸ்ட். வேலைக்கு எடுத்த பெரிய டாக்டருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்ற பிறகு இங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கண் செய்கிறவளுக்கே கண் இல்லை என்று பேசுவார்களே என்ற ரோஷம்தான், வேறென்ன.

"ஆமா" என்றேன். "இது பொய்க் கண்ணு. நானே செஞ்சது."

குழந்தை மட்டும் கேட்டது. "நெசக் கண்ணு எங்க?"

"கிட்டிப்புள் வெளையாடுறப்ப பட்டுருச்சு. அப்ப நான் உன்னைவிடக் கொஞ்சம் பெரியவ."

"கழட்டுவியா?"

"கழட்டிக் கழுவி வைப்பேன். பல் வெளக்குற மாதிரி."

"வலிக்குதா?"

"வலிக்காது."

குழந்தை யோசித்தது. ராமலட்சுமியின் சேலையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இளகியது. "அம்மாவுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவகிட்டயே கேளு" என்றேன்.

போனது. கேட்பதற்காகத்தான் போனது. நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று அம்மா முகத்தைப் பார்த்தது. ஒருபக்கம் சாய்ந்து பார்த்தது, மறுபக்கம் சாய்ந்து பார்த்தது. பின்னால் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று நினைத்து நான் மும்தாஜின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குழந்தை இன்னும் முன்னால் நகர்ந்தது. அங்கே நின்றுவிட்டது. அந்த இடம்தான். இஞ்ச் டேப் வைத்து அளந்த எனக்குத் தெரியாதா?

"அம்மா, ஒனக்கு வலிக்குதா?"

"இல்லடா" என்றாள் மாரிச்செல்வி. கையை நீட்டவில்லை. மடியில் சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தெரியுறனா?"

"தெரியலடா. ஆனா ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குழந்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "ம்" என்றது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு "ம்".

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ராமலட்சுமி கூடையைத் திறந்து, குழந்தைக்கென்று கொண்டுவந்த தயிர்சாத டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மாரிச்செல்வியின் கையைப் பிடித்து அதற்குள் வைத்தாள். "காலையில இருந்து ஒண்ணும் திங்கல. நீயே ஊட்டு" என்றாள். விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தாள், பாவம்.

மாரிச்செல்வி உருட்டி நீட்டினாள். உருண்டை மூக்கில் பட்டது. குழந்தை சிரித்துவிட்டுக் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. டப்பா காலியாகிறவரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அவர்கள் போன பிறகு மும்தாஜ் டீ வாங்கி வந்தாள். டீயை எப்போதும்போல என் வலது பக்கம் வைத்துவிட்டுப் போனாள். எப்போதும் வலது பக்கம்தான் வைக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொஞ்ச நேரம் டீயைக் குடிக்காமல் அழுதேன். வலது கண்ணும் அழுதது, இடது குழியும் அழுதது. அது செய்யும், அதற்குக் கண் தேவையில்லை.

ஏப்ரல் 9, புதன்

காளிராஜ் போன் பண்ணினான். பொங்கல் முடிந்து ராமலட்சுமி மட்டும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாளாம். கனி எதைக் கையில் எடுத்தாலும், பொம்மையோ வெங்காயமோ, அந்தத் தூரத்தில் கொண்டுவந்து பிடித்து, "பாரு" என்கிறதாம். மாரிச்செல்வி தொட்டுப் பார்த்து என்னவென்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் குட்டு.

சிலையைக் கலைக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். இருதயராஜ் படம் அனுப்பியிருக்கிறார். பையன் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கன்னத்தில் ஒட்டுப் போட்ட இடத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. அவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் எந்தக் கண்ணையும் மூடவில்லை என்று சொன்னேன். "தெரியும் மேடம்" என்றார். அடுத்த சிலைக்கும் நான்தான் கண் வைக்க வேண்டுமாம். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போது கதவு நிலையில் இடது தோளை மறுபடி இடித்துக்கொண்டேன்.

"பாத்து வாங்கக்கா" என்றாள் மும்தாஜ்.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுடி" என்றேன். "நீ பாத்துச் சொல்லு."